தவணை இல்லாத பூட்டு

(திண்டுக்கல்லில் ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியது)



இன்றைக்கு நான் பேசவேண்டிய விஷயம் "புதிய கண்டுபிடிப்புகளும் பேடண்ட் உரிமையும்" என்று நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். மோட்சத்துக்கு வழி சொல்லுகிறேன் என்றால் இந்த இடம் போதாமல் கூட்டம் தெருவில் நிற்கும். வண்டிச் சக்கரத்தையும் கக்கூஸ் குழாயையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றால், இதில் என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். ஆனால் தோழர்களே, மோட்சத்துக்குப் போனவன் எவனும் திரும்பி வந்து சௌகரியம் எப்படி என்று சொன்னதில்லை. சக்கரமும் கக்கூஸும் இல்லாமல் நீங்களும் நானும் ஒரு நாளைக்கூடக் கழிக்க முடியாது. ஆகவே அவற்றைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் பேடண்ட் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பூட்டுக்குப் பேர்போன இந்த ஊரில் அதைச் சொல்லுவது சுலபம். ஒருவன் ஒரு புதிய யுக்தியைக் கண்டுபிடிக்கிறான். அதை வெளியே சொன்னால் அடுத்தவன் காப்பியடித்துவிடுவான். சொல்லாமல் வைத்துக்கொண்டால் அவனோடு அதுவும் செத்துப்போகும். இதற்கு சர்க்கார் ஒரு ஏற்பாடு செய்தது. "நீ கண்டுபிடித்ததை ஒளிக்காமல் எழுதிக் கொடு. இத்தனை வருஷத்துக்கு உன் அனுமதி இல்லாமல் வேறு எவனும் அதைச் செய்து விற்காதபடி பூட்டுப் போட்டுத் தருகிறோம். தவணை முடிந்ததும் பூட்டைத் திறந்துவிடுவோம். பிறகு அது எல்லோருக்கும் சொந்தம்." இதுதான் பேடண்ட். நம் நாட்டில் 1856-ல் இதற்கு முதல் சட்டம் வந்தது. 1911-ல் விரிவான சட்டம் வந்தது. தவணை முதலில் 14 வருஷம், பிறகு 16 வருஷம். இப்போது 20 வருஷம்.

1856-ல் கல்கத்தாவில் டிபென்னிங் என்பவர் இந்த நாட்டின் முதல் மனுவைப் போட்டார். எதற்கென்று நினைக்கிறீர்கள்? பங்கா இழுக்கும் யந்திரத்துக்கு! துரைமார் தூங்குவதற்காக ஒரு மனிதன் ராத்திரி முழுவதும் உட்கார்ந்து கயிறு இழுக்க வேண்டியிருந்ததல்லவா, அந்தக் கைக்குப் பதிலாக ஒரு யந்திரம். யந்திரம் வந்துவிட்டதே என்று பங்கா இழுத்தவனை எழுந்திருக்கச் சொன்னார்களா? இல்லை. மின்சார விசிறி வரும்வரையில் பல பத்து வருஷங்கள் அவன் இழுத்துக்கொண்டேதான் இருந்தான். ஏன்? யந்திரத்தைவிட மனிதன் மலிவு. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்கே திரும்பி வருவேன்.

இப்போது சக்கரத்துக்கு வருவோம். இந்தச் சீமையில் வத்தலக்குண்டிலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் பாரவண்டிகள் கடகடவென்று வந்த சத்தம் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை. ரோடும் கெடும், மாட்டின் கழுத்தும் புண்ணாகும். காற்றடைத்த ரப்பர் சக்கரத்துக்கு 1845-ல் தாம்சன் என்ற ஸ்காட்லாந்து வாலிபர் பேடண்ட் வாங்கினார். அப்போது அதைச் சீந்துவாரில்லை. 1888-ல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்பவர், தம் பையனுடைய மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்று அதையே தாமாகக் கண்டுபிடித்து பேடண்ட் வாங்கினார். இரண்டு வருஷம் கழித்து, "இது தாம்சன் ஏற்கனவே எழுதி வைத்தது, உமது பேடண்ட் செல்லாது" என்று சொல்லிவிட்டார்கள். சாட்சி என்ன? ஆபீசில் இருந்த காகிதம். எழுதி வைக்கிற வழக்கத்தின் பெருமை இது. நம் நாட்டிலோ, புஷ்பக விமானம் எங்களிடம் இருந்தது என்று மார்தட்டுகிறவர்கள் அதன் ஒரு ஆணிக்காவது அளவு எழுதி வைத்திருக்கிறார்களா?

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. டன்லப் வண்டி செய்கிற ஜாதியா? அவர் மாட்டு வைத்தியர்! நம் நாட்டில் மாட்டு வைத்தியன் சக்கரத்தில் கை வைத்தால், "இது உன் குலத்தொழிலா?" என்று கேட்டிருப்பார்கள். அங்கே அப்படிக் கேட்கவில்லை. அதனால் உலகம் பூராவும் காற்றின்மேல் ஓடுகிறது. அந்த டயர் பிற்பாடு நம் மாட்டு வண்டிக்கும் வந்தது. டயர் வண்டி என்று நீங்கள் சொல்லுவது அதுதான். எந்தக் கோமாதா பூஜையும் மாட்டுக்குச் செய்யாத உபகாரத்தை அந்த ரப்பர் வளையம் செய்தது.

அடுத்தபடியாக, காரிலும் லாரியிலும் உபரியாக ஒரு சக்கரம் வைத்திருக்கிறோமே, அதற்கு நம் டிரைவர்கள் என்ன பெயர் சொல்லுகிறார்கள்? ஸ்டெப்னி. இது தமிழா, வடமொழியா? இரண்டும் இல்லை. வேல்ஸ் தேசத்தில் லானெல்லி என்ற ஊரில் இருக்கிற ஒரு தெருவின் பெயர் அது. அங்கே டேவிஸ் என்ற சகோதரர்கள் 1904-ல் ஒரு யுக்தி செய்தார்கள். அந்தக் காலத்து மோட்டாரில் உபரிச் சக்கரம் கிடையாது. வழியில் பங்க்சர் ஆனால் அங்கேயே உட்கார்ந்து ஒட்ட வேண்டும். இவர்கள் ஆரக்கால் இல்லாத ஒரு வளையத்தில் காற்றடித்த டயரை மாட்டி, பங்க்சரான சக்கரத்தோடு சேர்த்து இறுக்கி ஓட்டும்படி செய்தார்கள். அது உலகமெல்லாம் விற்றது. அந்தச் சாமான் போய் வெகு காலம் ஆகிவிட்டது. ஆனால் அந்தத் தெருவின் பெயர் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இன்றைக்கும் கேட்கிறது.

நாம் என்ன செய்கிறோம்? புது லாரி வாங்கினால் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். பூசணிக்காயை நடுரோட்டில் உடைக்கிறோம். எலுமிச்சம்பழம் சக்கரத்தைக் காப்பாற்றுமானால் ஸ்டெப்னி எதற்கு? நசுக்குகிறவரும் ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வருவதில்லையே! ஆபத்து வரும்போது எதை நம்ப வேண்டும் என்று அவருக்கும் தெரிந்துதான் இருக்கிறது.

இந்த நாட்டு ஆளுக்குப் புத்தி இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. கோயமுத்தூர்ப் பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பை முடிக்காதவர். 1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் நம் பழனிக்கும் இடையே ஓட்டித் தொழிலை ஆரம்பித்தார். பிறகு மின்சார சவரக் கத்தி முதலாகப் பல சாமான்களைச் செய்தார். பழனிக்குப் பஸ்ஸில் போனவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். அதில் எத்தனை பேர் அந்த பஸ் எப்படி ஓடுகிறது என்று குனிந்து பார்த்தார்கள்? குனிந்து பார்த்தவர் ஒருவர் பெரிய மனிதரானார்.

தோழர்களே, இனி கக்கூஸ் விஷயம். முகத்தைச் சுளிக்காமல் கேட்க வேண்டும்.

லண்டனில் 1775-ல் கம்மிங் என்ற கடிகாரம் செய்கிறவர், கக்கூஸ் குழாயை வளைத்துவிட்டு அதற்கு பேடண்ட் வாங்கினார். வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கும். அந்தத் தண்ணீரே கதவு. கழிவு போகும், நாற்றம் திரும்பாது. எவ்வளவு சிறிய காரியம்! வீட்டுக்குள் கக்கூஸ் வைக்க முடிந்ததே இந்த வளைவினால்தான்.

அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1778-ல், பிராமா என்பவர் அதைத் திருத்தி இன்னொரு பேடண்ட் வாங்கினார். இவர் யார்க்‌ஷயரில் ஒரு குடியானவன் மகன். காலில் அடிபட்டதால் ஏர் பிடிக்க முடியாமல் தச்சு வேலை கற்றுக்கொண்டவர். வீடு வீடாகக் கக்கூஸ் பொருத்தப் போனார். குளிர்காலத்தில் அதன் அடைப்பு உறைந்துபோவதைப் பார்த்து, கீல் வைத்த மூடி ஒன்றைச் செய்தார். இதே பிராமா 1784-ல் என்ன செய்தார் தெரியுமா? ஒரு பூட்டு! திண்டுக்கல் தோழர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய பூட்டு அது. "இதைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு" என்று கடை ஜன்னலில் மாட்டி வைத்தார். 1851 வரையில் ஒருவராலும் முடியவில்லை. அந்த வருஷம் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் வந்து, 16 நாளில் 51 மணி நேரம் உட்கார்ந்து திறந்தார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கக்கூஸ் மூடியைச் செய்த அதே கைதான் உலகத்தில் பெரிய பூட்டையும் செய்தது. "கக்கூஸைத் தொட்ட கை, அவன் செய்த பூட்டை என் வீட்டுக் கதவில் மாட்டமாட்டேன்" என்று அங்கே எவனாவது சொன்னானா? அந்தத் தொழிலை அவர்கள் இன்னும் வளர்த்தார்கள். 1906-ல் சிகாகோவில் ஸ்லோன் என்பவர் தொட்டியே இல்லாமல் குழாய்த் தண்ணீரின் அழுத்தத்தைக் கொண்டே அளவாகக் கழுவித் தானே மூடிக்கொள்ளும் வால்வு ஒன்றைச் செய்தார். முதல் வருஷம் விற்றது ஒன்று, அடுத்த வருஷம் இரண்டு என்று அந்தக் கம்பெனியின் சரித்திரம் சொல்லுகிறது. அவர் விடவில்லை. இன்றைக்கு அந்த மாதிரி வால்வு உலகமெங்கும் இருக்கிறது.

இந்த வளைவும் மூடியும் வால்வும் பேடண்ட் தவணை முடிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. எவரும் எவரிடத்திலும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒரு காசு ராயல்டி கொடுக்க வேண்டியதில்லை. அப்படியிருக்க, நம் நாட்டில் மனிதன் மலத்தை மனிதன் தலையில் சுமந்தது எதனால்? யுக்தி இல்லாமலா? தண்ணீர் இல்லாமலா? திண்டுக்கல்லுக்குத் தண்ணீர்க் கஷ்டம் புதிதல்ல, ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால் 1970-ல் பீகாரில் பிந்தேஷ்வர் பாடக் என்பவர் இரட்டைக் குழிக் கக்கூஸைப் பரப்ப ஆரம்பித்தார். ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் போதும். ஒரு குழி நிறைந்தால் அடுத்ததுக்குத் திருப்பிவிட வேண்டும். மூடிய குழியிலிருப்பது ஓரிரண்டு வருஷத்தில் நாற்றமில்லாத உரமாகிவிடும். மலத்தை மனிதன் தொட வேண்டியதே இல்லை. ஆகவே தண்ணீரும் காரணமல்ல.

காரணம் ஜாதி. பேடண்ட் என்பது தவணையுள்ள பூட்டு என்று சொன்னேன். ஜாதி என்பது தவணையே இல்லாத பூட்டு. ஒரு கூட்டத்தாருக்குப் படிப்பு முழுவதும் பேடண்ட். இன்னொரு கூட்டத்தாருக்கு மலம் பேடண்ட். இதை எழுதிக் கொடுத்த ஆபீஸ் எது? எந்தக் கண்டுபிடிப்புக்காகக் கொடுத்தார்கள்? எந்த வருஷம் முடிகிறது? பதில் கிடையாது. கடவுள் பெயரைச் சொல்லி வாயை மூடிவிடுவார்கள்.

சட்டம் வரவில்லையா? வந்தது. 1993-ல் ஒன்று, 2013-ல் ஒன்று. சாக்கடைக் குழியிலோ செப்டிக் டேங்கிலோ பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கினால், முதல் தடவைக்கு 2 வருஷம் வரை ஜெயில் அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குழியில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. தொகை ஏறியிருக்கிறது. இறங்குகிறவனும் சாகிறவனும் மட்டும் அதே தெருவிலிருந்துதான் வருகிறான்.

யந்திரம் இல்லையா? இருக்கிறது. உறிஞ்சும் லாரி ஒவ்வொரு ஊரிலும் ஓடுகிறது. பக்கத்துக் கேரளத்தில் 2018-ல் சில வாலிப இஞ்சினீயர்கள் குழிக்குள் இறங்கி அள்ளும் யந்திர மனிதனையே செய்துவிட்டார்கள். இத்தனையும் இருந்தும் ஆளைக் கூப்பிடுவது ஏன்? பங்கா கதைதான். யந்திரத்தைவிட மனிதன் மலிவு. எந்த மனிதன் மலிவு? ஜாதி மலிவாக்கி வைத்த மனிதன்!

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்காரர் நடத்தியதைச் சொல்லுகிறேன். படித்தவர், நல்லவர் என்று பெயர் எடுத்தவர். அவர் வீட்டு செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது. சந்து குறுகல், லாரி உள்ளே வராது, நீளக் குழாய் போட்டால் கூடக் காசு ஆகும் என்று இரண்டு பேரைக் கூட்டிவந்து மூடியைத் திறந்துவிட்டார். நான் போய், "ஐயா, உள்ளே இருப்பது நாற்றம் மட்டுமல்ல, ஹைட்ரஜன் சல்பைட் என்ற விஷவாயு. அதிகமாக இருந்தால் அது முதலில் மூக்கை மரத்துப்போகச் செய்யும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கிறபோது ஆளே போய்விடுவான்" என்று சொன்னேன். "அவர்களுக்கு இது பழக்கம்" என்றார். "அப்படியானால் உங்கள் பையனையும் பழக்கலாமே" என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. அந்த இரண்டு பேரில் பெரியவர் மட்டும் என்னைத் தனியே அழைத்து, "தம்பி, லாரி வந்துவிட்டால் எனக்கு இன்றைக்குக் கூலி?" என்று கேட்டார். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அவர் கேட்டது நியாயம். யந்திரத்தை மட்டும் கொண்டுவந்து அவரைத் தெருவில் விடுவது பாதிக் காரியம். அந்த லாரியை ஓட்டுகிறவராகவும், அதற்குச் சொந்தக்காரராகவும் அவர் பிள்ளை இருக்க வேண்டும். அதற்கும் மேலே, வேறு எந்தத் தொழிலுக்கும் போக அவனுக்கு வழி இருக்க வேண்டும். மாட்டு வைத்தியர் சக்கரம் செய்தார், கடிகாரக்காரர் கக்கூஸ் செய்தார் என்று இவ்வளவு நேரம் சொன்னது அதற்காகத்தான்.

"இதெல்லாம் நடக்குமா?" என்று ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். நடந்திருக்கிறது தோழரே! மாட்டுக்குப் பதில் மனிதனைப் பூட்டி இழுக்கவிட்ட கைரிக்‌ஷாவை, "ஏழைகளின் பிழைப்பு போய்விடுமே" என்று சொல்லியே வெகு காலம் வைத்திருந்தார்கள். 1973-ல் தமிழ்நாட்டில் அதை ஒழித்து, இழுத்தவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தார்கள். இன்றைக்கு மனிதன்மேல் சவாரி செய்யும்படி யாராவது உங்களைக் கூப்பிட்டால் கூசமாட்டீர்களா? அந்தக் கூச்சம் செப்டிக் டேங்க் மூடியைத் திறக்கும்போதும் வரவேண்டும்.

ஆகவே தோழர்களே, நான் கேட்டுக்கொள்ளுவது பெரிய தியாகம் ஒன்றுமல்ல. உங்கள் வீட்டு டேங்கில் ஆளை இறக்காதீர்கள். 14420 என்ற நம்பருக்குக் கூப்பிட்டால் லாரிக்கு ஏற்பாடு சொல்லுவார்கள். புது வீடு கட்டும்போது வாஸ்துக்காரனிடம் மூலை கேட்பதை விட்டுவிட்டு, லாரிக் குழாய் எட்டுகிற இடத்தில் டேங்கை வையுங்கள். அடுத்த வீட்டில் ஆள் இறங்குவதைக் கண்டால் "நமக்கென்ன" என்று போகாமல் நின்று தடுத்துக் கேளுங்கள்.

கைவேலைப் பூட்டுக்காக இந்த ஊர்ப் பெயருக்கு 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். பூட்டுச் செய்யத் தெரிந்த ஊருக்கு, எந்தப் பூட்டை உடைக்க வேண்டும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். டிபென்னிங்கின் பூட்டும், டேவிஸின் பூட்டும், ஸ்லோனின் பூட்டும் தவணை முடிந்து தாமே திறந்துகொண்டன. தவணை போடாத இந்தப் பூட்டு ஒன்று மட்டும் தானாகத் திறக்காது. நாம்தான் திறக்க வேண்டும்.