கோழிக் கூடும் நம் குடும்பமும்

(தோட்டத் தொழிலாளர் சங்கக் கிளையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தையும் வேலை நிபந்தனைகளையும் பற்றிப் பேசும் மேடையில் இந்தக் கிராணி கோழியைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று சிலர் நகைக்கலாம். ஆனால் நம் லயங்களில் அண்டை வீட்டார் முகம் பாராமல் போவதற்குக் கோழியும் ஒரு காரணமாய் இருக்கிறது. முட்டை நின்றால் கண் பட்டது என்கிறோம். கோழி செத்தால் செய்வினை என்கிறோம். சங்கமோ ஒற்றுமையால் வாழ்வது. ஆகவே நீங்கள் வழக்கமாகக் கேட்கும் சில கேள்விகளுக்கு இன்று பதில் கூற விரும்புகிறேன்.

சேவல் இல்லாமல் பெட்டை முட்டையிடுமா? தாராளமாக இடும். அந்த முட்டை பொரிக்காது. ஆனால் சத்தில் குறைவில்லை, குழந்தைகளுக்குத் தயங்காமல் கொடுக்கலாம். இன்னொன்றும் கவனியுங்கள். சேவலின் வித்து பெட்டையின் உடலுக்குள் ஏறக்குறைய இரண்டு வாரம் உயிரோடு தங்கும். ஆகவே சேவலை விற்ற பிறகு இட்ட முட்டையிலும் குஞ்சு பொரிக்கக் கூடும். "சேவலே இல்லாத வீட்டில் குஞ்சு எப்படி வந்தது? என் முட்டையைத்தானே எடுத்தாய்?" என்று அடுத்த வீட்டுக்காரியைக் கேட்டு மனத்தைப் புண்படுத்த வேண்டாம்.

தினமும் இட்ட கோழி ஒரு நாள் இடாமல் போவதேன்? ஒரு முட்டை உருவாகச் சுமார் 25 மணி நேரமாகும். அதில் ஓடு கட்டுவதற்கு மாத்திரம் 20 மணி நேரம் செல்லும். இன்று காலை 8 மணிக்கு இட்டது நாளை 9 மணிக்கு இடும். இப்படி நாளுக்கு நாள் பிந்திப் பிற்பகலாகிவிட்டால், ஒரு நாள் விட்டுத்தான் மறுபடியும் தொடங்கும். இதில் கண்ணுமில்லை, திருஷ்டியுமில்லை.

முட்டை ஓடு மெலிந்து தோலாய் வருகிறதே என்பீர்கள். ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து தீனியில் கிடைக்காவிட்டால், பெட்டை தன் எலும்பிலிருந்தே அதை எடுத்துக் கொடுக்கிறது. அதுவும் குறைந்த பிறகுதான் ஓடு மெலிகிறது. தின்று எறியும் கெராங் சிப்பியைக் காயவைத்து இடித்துத் தனிச் சட்டியில் வையுங்கள். வேண்டியதை அது தின்றுகொள்ளும்.

அடை காக்கும் கோழியைத் தண்ணீரில் முக்குவதும், மூக்கில் இறகு செருகுவதும் கொடுமை. அடை என்பது நோயன்று. 21 நாள் முட்டைமேல் இருக்கச் சொல்லும் உடலின் இயல்பு. குஞ்சு வேண்டாமென்றால், அடியில் காற்றோடும் கம்பிக் கூட்டில், வைக்கோல் இல்லாமல், தீனியும் தண்ணீரும் கொடுத்து மூன்று நான்கு நாள் வையுங்கள். பெரும்பாலும் அடை தெளிந்துவிடும்.

சில நாட்களுக்குள் கூட்டமாகக் கோழிகள் சாகுமானால் அது செய்வினையன்று. பெரும்பாலும் மலாய்க்காரர்கள் சம்பார் என்று சொல்லும் தொற்று நோயாக இருக்கும். வந்த பின் மருந்தில்லை. வருமுன் தடுப்பு மருந்து உண்டு. ஒரு வீட்டார் மட்டும் போட்டால் போதாது. லயம் முழுவதும் சேர்ந்து போட வேண்டும். செத்ததை ஆற்றில் எறியாமல் ஆழக் குழி வெட்டிப் புதைத்து, கால்நடை இலாகாவுக்குத் தெரிவியுங்கள்.

இனி, கோழிகள் ஒன்றையொன்று கொத்துவது ஏன்? எது எதைக் கொத்தலாம் என்று கூட்டத்தில் ஒரு வரிசை உண்டு. நார்வே தேசத்து விஞ்ஞானி ஷெல்டெரூப்-எப்பே என்பவர் இதை ஆராய்ந்து 1921-ல் எழுதினார். வரிசை நிலைபெற்றால் சண்டை குறையும். புதுக்கோழியைத் திடீரென்று உள்ளே விட்டால் மறுபடியும் சண்டை மூளும். ஆகவே ஒரு வாரம் கம்பி வலைக்கு அப்பால் வைத்துப் பழக்கி, பிறகு சேர்க்க வேண்டும். இரத்தம் கண்ட கோழியை உடனே பிரித்து வையுங்கள். இல்லையேல் மற்றவை கொத்தியே கொன்றுவிடும்.

இதைக் கேட்டவுடன் சிலர், "பார்த்தீரா, கோழிக்கே மேல் கீழ் உண்டு, துரையும் கூலியும் இயற்கை விதி" என்பார்கள். அவர்கள் கூட்டை அரைகுறையாகப் பார்த்தவர்கள். தீனித் தொட்டி ஒன்றே இருந்து இடமும் நெருக்கமானால், கடைசிக் கோழி பட்டினி கிடந்து மெலியும். அதே கோழிகளுக்குத் தொட்டியை இரண்டாக்கித் தள்ளித் தள்ளி வையுங்கள், இடத்தை அகலமாக்குங்கள். கடைசிக் கோழியும் வயிறு நிறையத் தின்னும், முட்டையும் இடும். வரிசையைக் கோழிகள் வகுத்தன. தொட்டி எத்தனை, கூடு எவ்வளவு அகலம் என்பதை வகுத்தவன் மனிதன்.

கோழிகளால் தொட்டியைக் கூட்டிக் கேட்க முடியாது. நமக்கு வாயுமுண்டு, சங்கமுமுண்டு. நம் பிள்ளைகளின் தட்டில் முட்டை இருப்பதற்கு வீட்டில் நல்ல கோழி வளர்ப்பும் வேண்டும், வேலைக்கேற்ற கூலியும் வேண்டும். முதலாவதை இந்த வாரமே தொடங்குங்கள். இரண்டாவதைக் கேட்க அடுத்த கூட்டத்திற்கு ஒருவர் தவறாமல் வாருங்கள்.