பழைய மோட்டார் சைக்கிளில் பெற்றோல் கசிவு
(நயினாதீவில் ஆற்றிய உரை)



2022 ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான். அன்று ஒவ்வொரு துளியையும் எண்ணினோம். இன்றும் கசிந்து போவது நம் சம்பளம்தான்.

முதலில் எஞ்சின் ஆறட்டும். வெளியில் நிறுத்துங்கள்; பீடி, விளக்கு எதுவும் கிட்ட வேண்டாம். ஈரத்தைத் துடைத்து, அடியில் பழைய பேப்பர் விரித்து, பெற்றோல் டப்பை மூடுங்கள். அப்போதும் சொட்டினால் கோளாறு டாங்கியில், அல்லது டப்பின் வாசரில். மூடியதும் நின்றால் கோளாறு அதற்குக் கீழே: றப்பர் குழாய் வெடித்திருக்கும், அல்லது காபரேற்றர்.

காபரேற்றரின் அடிக்குழாயில் சொட்டினால், மிதவை ஊசியில் துருத்தூள் சிக்கியிருக்கும், அல்லது ஊசி தேய்ந்திருக்கும். இங்கே உப்புக்காற்றில் டாங்கி சீக்கிரம் துருப்பிடிக்கும். ஊசியை மட்டும் மாற்றினால் கோளாறு திரும்ப வரும், டாங்கியையும் கழுவுங்கள். குறிகட்டுவானில் படகில் சரித்து ஏற்றும்போது வழிவது கோளாறு அல்ல. ஏற்றுமுன் டப்பை மூடினால் போதும்.

எஞ்சின் ஒயிலில் பெற்றோல் மணந்தால் ஸ்டார்ட் பண்ணாதீர்கள். கசிவை நிறுத்தி, ஒயிலை மாற்றுங்கள். ஓட்டை டாங்கியை அப்படியே வெல்டிங்குக்குக் கொடுக்கவே வேண்டாம். காலி டாங்கியிலும் ஆவி நிற்கும், அது வெடிக்கும்.

டாங்கி போனால் இன்னொன்று வாங்கலாம், தோழர்களே. ஆள் போனால்?