ஏர் இந்தியாவோடு போன வேலைகள்

(மாணவர் கருத்தரங்கொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



விமானக் கம்பெனியைப் பத்தி இங்க என்ன பேச்சு என்று சிலர் சிரித்தார்கள். நியாயம்தான். நம்ம சேரியில் எத்தனை பேர் விமானம் ஏறியிருக்கிறோம்? ஆனால் ஏறாதவன் தலையிலும் அதன் கடன் ஏறியிருக்கிறது.

1932இல் டாடா தொடங்கிய கம்பெனி, 1953இல் நாட்டுடைமை ஆனது. 2022 ஜனவரி 27 அன்று மறுபடியும் டாடா கைக்குப் போனது. தாய்வீடு திரும்பிவிட்டதாகக் கொண்டாடினார்கள். ஏன் விற்றீர்கள் என்றால் நஷ்டம் என்கிறார்கள். நஷ்டம் ஏன் வந்ததாம்? அரசாங்க ஊழியன் வேலை செய்யமாட்டான், அதுலயும் கோட்டாவுல வந்தவன்... என்று நம்ம காதுபடவே பேசுறான்.

நடந்ததைப் பாருங்க. 1994இல் சட்டத்தையே ரத்து செய்து தனியாருக்கு வானத்தைத் திறந்துவிட்டார்கள். 2005-06இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்சும் சேர்ந்து 111 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தன. போயிங் 68, ஏர்பஸ் 43. பெரும்பாலும் கடனை நம்பித்தான். அந்தச் சுமையோடு 2007இல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். இரண்டு சம்பள முறை, இரண்டு பதவி வரிசை. இதை 2011இல் மத்திய தணிக்கைத் துறையே கண்டித்தது. இந்த முடிவுகளை எடுத்த மேசையில் கோட்டாவில் வந்தவன் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தான்?

இது லாபம் மயிரிழையில் தொங்குகிற தொழில். எண்ணெய் விலை ஏறினால் போச்சு, டாலர் ஏறினால் போச்சு. இன்று விற்காத கத்தரிக்காயை நாளைக்காவது விற்கலாம். காலி சீட்டோடு விமானம் கிளம்பிட்டா அந்தச் சீட்டு போனது போனதுதான். அதனால்தான் இண்டிகோ பெரும்பாலும் ஒரே குடும்ப விமானங்களை வைத்துக்கொண்டது. மொத்தமாக ஆர்டர் கொடுத்து விலையைக் குறைப்பான், வந்ததும் குத்தகைக் கம்பெனிக்கு விற்று, அதையே வாடகைக்கு எடுத்து ஓட்டுவான். இன்று உள்நாட்டுப் பயணிகளில் பாதிக்கு மேல் அவன் விமானத்தில்தான் போகிறார்கள். அவனோடு மோதத்தான் டாடா 2023இல் 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. 2024 நவம்பரில் விஸ்தாராவை ஏர் இந்தியாவுக்குள் இணைத்து, சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கு 25.1 சதவீதப் பங்கு கொடுத்தது. முதலாளி கணக்கில் இது கெட்டிக்காரத்தனம். நம்ம கணக்கு வேற.

விலை 18,000 கோடி. அதில் அரசுக்கு ரொக்கமாக வந்தது 2,700 கோடி. மீதி 15,300 கோடிக்குக் கடனை டாடா ஏற்றுக்கொண்டது. மொத்தக் கடன் 61,562 கோடி. கழித்துப் பாருங்க: 46,262 கோடி அரசின் தனிக் கம்பெனிக்கு மாற்றப்பட்டது. சில நிலங்களும் கட்டடங்களும் அரசிடமே இருக்கின்றன, அதை மறைக்க வேண்டாம். ஆனால் தீப்பெட்டி வாங்குகிறவனும் வரி கட்டுகிறான்.

விற்பனை அறிவித்தபோது 12,085 ஊழியர்கள். அதில் நிரந்தரம் 8,084. ஓராண்டுக்கு யாரையும் வெளியேற்றக் கூடாது, பிறகு விருப்ப ஓய்வு கொடுக்கலாம் என்பது நிபந்தனை. சரி, அவன் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடம் யாருக்கு? அரசியல் சட்டம் 16(4) அரசுப் பணிக்குத்தான் பேசுகிறது. 15, ஏழரை, 27 என்ற கணக்கெல்லாம் பங்கு கைமாறிய அன்றோடு முடிந்தது. சட்டத்தைத் திருத்தவில்லை, நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பும் இல்லை.

கோர்ட்டுக்குப் போகலாமா? சம்பளம், பதவி உயர்வு கேட்டு ஏர் இந்தியா ஊழியர்கள் சிலர் ரிட் போட்டிருந்தார்கள். போடும்போது அது அரசுக் கம்பெனி. 2024 மே மாதம் உச்சநீதிமன்றம் சொன்னது: இப்போது அது தனியார், ரிட் செல்லாது.

தனியார் துறையில் இடஒதுக்கீடு பற்றிப் பேசுவதாக 2004இல் குறைந்தபட்சச் செயல்திட்டத்தில் எழுதினார்கள். முதலாளிகள் சங்கங்கள் 2006இல் முந்திக்கொண்டு, நாங்களே மனமுவந்து செய்கிறோம், சட்டம் வேண்டாம் என்றன. பயிற்சி கொடுக்கிறான், ஸ்காலர்ஷிப் கொடுக்கிறான். வாங்கிக்குங்க, வேண்டாம்னு சொல்லல. எத்தனை பேருக்கு வேலை கொடுத்தாய் என்று சட்டப்படி கேட்க முடியாது, அவ்வளவுதான்.

2024 ஜூலையில் மும்பை கலினாவில் பார்த்தோமே. மூட்டை ஏற்றி இறக்குவது உள்ளிட்ட வேலைகள், சுமார் 2,200 இடம். அதுவும் ஒப்பந்த வேலை. பல ஆயிரம் பேர் முட்டி மோதினார்கள்.

ஏர் இந்தியாவிடம் இனித் தகவல் உரிமைச் சட்டத்தில் எதையும் கேட்க முடியாது. விமானப் போக்குவரத்து அமைச்சகத்திடம் கேட்கலாம், கட்டணம் பத்து ரூபாய். கைமாறிய நாளில் நிரந்தர ஊழியர்களில் எஸ்.சி., எஸ்.டி. எத்தனை பேர், எந்தெந்தப் பதவியில், நிரப்பாமல் விட்ட பின்னடைவு இடங்கள் எத்தனை? ரோஸ்டர் பதிவேடு இப்போது யாரிடம்? மனு மாதிரி எழுதி வைத்திருக்கிறேன். போகும்போது ஆளுக்கொன்று வாங்கிட்டுப் போங்க.