ஐப்பசி மழைக்கு முன் திராட்சைத் தோட்டம்

(உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புரட்டாசி பிறந்து விட்டது. ஆடி, ஆவணியில் அடித்த காற்று தணிந்து விட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவமழை நம் கம்பம் பள்ளத்தாக்கில் பெரும்பாலும் சாரலோடு நின்று விடும். மலைக்கு அந்தப் பக்கம் பெய்யும் மழையை 1895 முதல் பெரியாறு அணை நமக்குத் திருப்பித் தருகிறது. அது வேறு கதை. நம் தோட்டத்தின் மேல் நேராக இறங்குகிற மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதற்கு இன்னும் நான்கு வாரமே இருக்கிறது. அந்த நான்கு வாரத்தில் பன்னீர் திராட்சை வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியவற்றைப் பற்றியே இன்று முக்கியமாகப் பேச விரும்புகிறேன்.

இந்த மாதத்தில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான். "சார், இப்பக் கவாத்து வெட்டினாப் பொங்கலுக்குப் பழம் வந்துருமில்ல?"

வரும். கணக்கு சரிதான். பன்னீர் திராட்சை கவாத்து செய்த நாளிலிருந்து ஏறக்குறைய 110 முதல் 120 நாளில் அறுவடைக்கு வருகிறது. புரட்டாசி 5-இல் வெட்டினால் மார்கழிக் கடைசியில் குலை பழுத்து நிற்கும். ஆனால் அதே கணக்கின் இன்னொரு பாதியையும் போட்டுப் பாருங்கள். கவாத்து செய்து ஏறத்தாழ 40-ஆம் நாள் கொடி பூக்கும். அது ஐப்பசி நடுப்பகுதி. அடைமழைக் காலம். பூ விரியும்போது மழை அடித்தால் மகரந்தம் கழுவிப் போகிறது, பிஞ்சு பிடிப்பதில்லை. அதோடு நிற்பதில்லை. இளந்தளிர், பூங்கொத்து, ஈரம், குளிர்ச்சி நான்கும் ஒன்று சேர்ந்தால் அடிச்சாம்பல் நோய்க்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. இலையின் மேற்புறம் எண்ணெய் சிந்தியது போல் மஞ்சள் புள்ளி தெரியும். திருப்பிப் பார்த்தால் அடிப்புறம் வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல் இருக்கும். பூங்கொத்தில் இறங்கிவிட்டால் கொத்து பழுப்பாகிக் கருகிப் போகும். பிறகு எந்த மருந்து அடித்தாலும் போன கொத்து போனதுதான்.

ஆகவே முழுத் தோட்டத்தையும் புரட்டாசியில் வெட்டுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. கடன் தவணை நெருக்குகிறது, தை மாத விலை இழுக்கிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. அப்படியானால் கால் பங்கை மட்டும் வெட்டுங்கள். அதையும் மேட்டுப் பாங்கான, வெயிலும் காற்றும் நன்றாகப் படும் பக்கமாகப் பார்த்து வெட்டுங்கள். மீதியை மார்கழிக் கவாத்துக்கு விட்டு வையுங்கள். மார்கழி முதல் வாரத்தில் வெட்டியது தை நடுவில் பூக்கும், சித்திரையில் அறுவடைக்கு வரும். மழை ஓய்ந்த பிறகு பூப்பதால் மருந்துச் செலவும் குறைவு, குலையும் நிறைவு.

ஓய்வில் விட்ட கொடிக்கு வேலை இல்லை என்று நினைத்து விடாதீர்கள். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். அறுவடை முடிந்த கொடியில் இருக்கும் இலைதான் அடுத்த வெள்ளாமைக்குச் சோறு சமைத்துக் கம்பில் சேமிக்கிறது. ஐப்பசியில் நோய் வந்து அந்த இலை உதிர்ந்து போனால், கொடி காலம் தெரியாமல் தானாகவே துளிர்க்கும். சேமிப்பு அதில் செலவாகிவிடும். பிறகு மார்கழியில் நீங்கள் வெட்டும்போது கம்பு பென்சிலைவிட ஒல்லியாகவும், கண் குருடாகவும் இருக்கும். ஆகவே மார்கழி வரை இலையைக் கொடியில் காப்பாற்றுவதுதான் இந்தப் பருவத்தின் தலையாய வேலை.

இப்போது யூரியா போடாதீர்கள். போட்டால் இளந்தளிர் கிளம்பும். பூஞ்சாணம் தேடுவதும் அதைத்தான். பந்தலில் இருட்டாக அடைத்துக் கிடக்கும் ஒல்லிக் கொடிகளை நீக்கி, கீழே நின்று பார்த்தால் ஆங்காங்கே வெயில் பொட்டுப் பொட்டாகத் தரையில் விழும்படி செய்யுங்கள். உதிர்ந்த இலையைக் கூட்டி அப்புறப்படுத்துங்கள். நோயின் வித்து அந்த இலையிலேயே தங்கி அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

அடுத்து போர்டோ கலவை. 1882-இல் பிரான்சு நாட்டின் போர்டோ பகுதியில் மில்லார்டே என்ற விஞ்ஞானி ஒரு விந்தையைக் கண்டார். சாலை ஓரத்துத் திராட்சையை வழிப்போக்கர் பறிக்காமல் இருக்க, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்திருந்தார்கள். திருடர்கள் பயந்தார்களோ இல்லையோ, அந்த ஓரத்துக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் வராமல் இலை பச்சையாக நின்றது. அவர் ஆராய்ந்து 1885-இல் வெளியிட்ட கலவைதான் இன்றும் நமக்குக் கைகொடுக்கிறது.

ஒரு சதக் கலவைக்கு 100 லிட்டர் தண்ணீர், ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு வேண்டும். மயில்துத்தத்தைப் பொடித்து 50 லிட்டர் தண்ணீரில் ஒரு பாத்திரத்திலும், சுண்ணாம்பை நீற்றி மீதி 50 லிட்டரில் இன்னொரு பாத்திரத்திலும் கரைத்து வடிகட்டுங்கள். மண் பானை, மரத் தொட்டி, பிளாஸ்டிக் டிரம் எதுவும் ஆகும்; இரும்புப் பாத்திரம் ஆகாது. பிறகு மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றினால் கலவை திரிந்து அடியில் தங்கிவிடும்.

தீட்டிய இரும்புக் கத்தியைக் கலவையில் சிறிது நேரம் வைத்து எடுத்துப் பாருங்கள். செம்பு நிறம் ஒட்டியிருந்தால் துத்தம் மிஞ்சி நிற்கிறது என்று பொருள். நிறம் ஒட்டாத வரை சுண்ணாம்புத் தண்ணீர் சேர்க்க வேண்டும். மாணவப் பருவத்தில் நான் இந்தச் சோதனையைச் சோம்பேறித்தனத்தால் விட்டுவிட்டு ஒரு வரிசைக் கொடிக்கு அடித்தேன். சுண்ணாம்பு நாள்பட்டுக் காற்றில் நீர்த்துப்போன சரக்கு. எடை சரியாக இருந்தும் வேகம் இல்லை. மூன்றாம் நாள் அந்த வரிசையின் தளிரெல்லாம் தீய்ந்து போயிற்று. அன்றிலிருந்து கத்தி இல்லாமல் நான் இந்தக் கலவையைத் தொடுவதில்லை.

கலந்த அன்றே அடித்துவிட வேண்டும். வேறு பூச்சிமருந்தை இதனோடு சேர்க்கக் கூடாது. முக்கியமாக, இலையின் அடிப்புறம் நனைய வேண்டும். பூஞ்சாணம் உள்ளே நுழைவது அந்தப் பக்கமாகத்தான். மழைக்கு முன் ஒரு முறை அடியுங்கள். தொடர்மழை பெய்து கழுவினால் வெயில் கண்ட நாளில் மறுபடியும் அடியுங்கள். பழம் முற்றிய குலையில் அடிக்க வேண்டாம்; நீலக்கறை படிந்த குலையை வியாபாரி தொடமாட்டார். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் இது. தோலோடு வாயில் போடுகிற பழமும்கூட. நோய் வந்தபின் அடிக்கும் ஊடுருவும் மருந்துகளை ஒரே பருவத்தில் திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சாணத்துக்கு அது பழகிவிடும். இலையைப் பார்த்து எந்த நோய் என்று ஐயம் வந்தால், ஆனைமலையன்பட்டித் திராட்சை ஆராய்ச்சி நிலையத்துக்கு இரண்டு இலையைக் கொண்டு போய்க் காட்டிவிட்டு மருந்து வாங்குங்கள்.

பந்தலையும் ஒரு சுற்றுப் பார்த்து விடுங்கள். 2018 நவம்பர் 16-இல் வேதாரணியம் பக்கம் கரை ஏறிய கஜா புயல் திண்டுக்கல் மாவட்டம் வரை வந்து மேற்கே போயிற்று. கடல் எங்கோ இருக்கிறது என்று நாம் சும்மா இருக்க முடியாது. ஓரத்துக் கல்தூண்களின் இழுவைக் கம்பி தளர்ந்திருந்தால் முறுக்குங்கள், துருப்பிடித்ததை மாற்றுங்கள். ஓரத் தூண் ஒன்று சாய்ந்தால் அந்த வரிசையே இழுபடும். களிமண் தோட்டங்களில் வரிசைக்கு நடுவே ஒன்றரை அடி ஆழத்தில் வடிகால் எடுத்து, தண்ணீர் தங்காமல் ஓடைக்கு வழி விடுங்கள்.

சின்னமனூர்ப் பக்கம் வாழை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மண் அணைத்து, குலை தள்ளிய மரங்களுக்கு மழைக்கு முன்பே முட்டுக் கொடுங்கள். இலைப்புள்ளி கண்ட இலைகளை அறுத்து வெளியே எடுங்கள். வீட்டுக்குக் கத்தரி, மிளகாய் நாற்று விடுகிறவர்கள் பாத்தியை அரை அடி உயர்த்தி, கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைத்தால் நாற்றழுகல் பெரும்பாலும் தவிரும்.

கார்த்திகைக் கடைசியில் கொடியின் கம்பை ஒடித்துப் பாருங்கள். பழுப்பாகி முதிர்ந்திருந்தால் மார்கழியில் நான்கு கண் விட்டு வெட்டலாம். பச்சையாகவும் ஒல்லியாகவும் உள்ளவற்றை ஒன்று அல்லது இரண்டு கண்ணில் வெட்டுங்கள். அன்றே தண்டில் தளர்ந்து தொங்கும் பழைய பட்டையை உரித்து விடுங்கள். வண்டு முட்டையிடுவதும் மாவுப்பூச்சி ஒளிவதும் அதன் அடியில்தான். உரித்ததைப் பந்தலுக்கு அடியிலேயே போட்டுவிட்டுப் போகாமல், சாக்கில் அள்ளி வெளியே கொண்டு போய்க் கொளுத்தி விடுங்கள்.