யார் எங்கே உட்கார்ந்து பார்க்கிறோம்?

(கும்மிடிப்பூண்டியில் தொழிலாளர், மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன ஒரு வருஷத்துல பார்த்த நாடகங்கள்ல எது பிடிச்சதுன்னு பேசச் சொன்னார்கள். நான் விமர்சகன் இல்லை. ஷிப்ட் முடித்து வந்து கூத்துப் பார்க்கிறவன். என் அளவுகோல் ஒன்றுதான்: ஆடுகிறவர் யார், பார்க்கிறவர் யார், யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்?

முதலில் தெருக்கூத்து. நம்ம திருவள்ளூர்ப் பக்கம் சித்திரை, வைகாசியில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. இந்த வருஷம் ஒரு கிராமத்தில் துகிலுரிதல் பார்த்தேன். முகவீணைச் சத்தம் விடியவிடிய யாரையும் எழுந்திருக்க விடவில்லை. எனக்குப் பிடித்தவன் கட்டியக்காரன். ராஜா வேஷத்தைப் பார்த்தே "யாருய்யா நீ, எந்த ஊரு?" என்று கேட்கிற உரிமை அவனுக்குத்தான் உண்டு. அன்றைக்குக் கான்ட்ராக்டரையும் கவுன்சிலரையும் சேர்த்தே கிழித்தான்.

ஆனா அவன் கேட்காத கேள்வி ஒண்ணு இருந்தது. முன்னால் இடம் காலியாகக் கிடந்தது. சேரி சனம் பின்னால் வேலியோரம் நின்றது. "ஏன் ஆயா, முன்னாடி போய் உக்காரல?" என்று ஒரு கிழவியைக் கேட்டேன். "நாங்க எப்பவும் இங்கதாம்பா" என்றார். யாரும் விரட்டவில்லை. விரட்டத் தேவையே இல்லாதபடி பழக்கி வைத்திருக்கிறார்கள். சாதி அப்படித்தாங்க வேலை செய்யுது.

இரண்டாவது, சிப்காட் பக்கம் பார்த்த ஒரு வீதி நாடகம். அதில் ஒரே ஒரு ஹெல்மெட். இன்ஸ்பெக்டர் வரும்போது மட்டும் தலைக்குத் தலை மாறுகிறது. கடைசியில் மிஷினில் கை போனவனின் பெயர் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை. பார்த்தவர்களில் பாதிப்பேர் ஒரிசா, பீகார் தோழர்கள். வசனத்தைக் குறைத்து, பறையாலும் உடம்பாலும் ஆடினார்கள். எல்லாரும் சிரித்தார்கள், கை போன கட்டத்தில் எல்லாரும் அமைதியானார்கள். அங்கே முன்வரிசை, பின்வரிசை கிடையாது. எல்லாரும் மண்ணில்தான்.

இந்த வடிவத்துக்கு ரத்தம் சிந்தியிருக்கிறார்கள். 1989 ஜனவரி 1இல், டெல்லி அருகே சாகிபாபாத் தொழிற்பேட்டையில் வீதி நாடகம் ஆடிக்கொண்டிருந்த சப்தர் ஹாஷ்மியின் குழுவைத் தாக்கினார்கள். ராம் பகதூர் என்ற தொழிலாளி கொல்லப்பட்டார். மறுநாள் ஹாஷ்மியும் இறந்தார். ஜனவரி 4இல் அவருடைய துணைவி மலயஸ்ரீயும் தோழர்களும் அதே இடத்துக்குப் போய் நாடகத்தை ஆடி முடித்தார்கள்.

ஆனாலும் அந்த சிப்காட் நாடகத்தின்மேல் எனக்கு ஒரு விமர்சனம் உண்டு. தொழிலாளி வந்தான், முதலாளி வந்தான், சாதி வரவேயில்லை. கக்கூஸ் தொட்டியில் யாரை இறக்குகிறார்கள்? 2013இல் சட்டம் போட்டுத் தடை செய்தபிறகும் செத்துக்கொண்டிருப்பது யார்? தொழிலாளி என்கிற ஒரு வார்த்தையில் சாதி கரைந்துவிடாது. 2019இல் சென்னையில் அரங்கேறிய 'மஞ்சள்' இதைத்தான் நேராகப் பேசியது. அதற்கும் முன்னால், தொண்ணூறுகளிலேயே கே.ஏ. குணசேகரன் 'பலி ஆடுகள்' எழுதி, தலித் அரங்கு என்று தனியாக ஒன்று வேண்டும் என்பதை நிறுவினார். மராட்டியத்தில் பீம்ராவ் கர்டக் போன்றவர்கள் ஜல்சா ஆடித்தான் அம்பேத்கரின் கருத்துகளை எழுத்தறியாத மக்களிடம் கொண்டுபோனார்கள்.

ஆக, கூத்தில் கேள்வி கேட்க ஆள் இருக்கிறான், சாதியைக் கேட்கவில்லை. வீதி நாடகத்தில் எல்லாரும் சமமாக உட்காருகிறார்கள், அங்கேயும் சாதியைப் பேசவில்லை. இரண்டையும் இணைக்கிற வேலை நம்முடையது. விடுதி மாணவர்களுக்குச் சொல்கிறேன்: கட்டியக்காரன் வேஷத்தை நீங்க கட்டுங்க. நம்மை வெறுமனே அழுகிற சனமாகக் காட்டாதீங்க. நம்ம கிண்டலும் கோபமும் மேடையேறட்டும். வர்ற சித்திரையில் எந்தெந்த ஊரில் கூத்து என்று இப்போதே விசாரித்து வைப்போம். நம்ம சனங்களோட பாய் எடுத்துட்டுப் போவோம். முன்னால விரிச்சு உக்காருவோம். யாராவது ஏன்னு கேட்டா, அங்கேதான் நம்ம நாடகம் ஆரம்பிக்குது.

ஜெய்பீம்.