சதுரங்கத்தில் இத்தாலிய ஆரம்பம்
(சங்கக் கூடத்தில் நிகழ்த்திய உரை)

 

சென்ற கோடை விடுமுறையில் நம் சிறுவர்க்குச் சதுரங்கம் கற்பிக்கும் பணியை ஏற்ற நாம், தொடக்கத்திலேயே பெரும் பிழை புரிந்தோம். நான்கே நகர்த்தலில் ராஜாவை மடக்கும் வித்தையைச் சொல்லிக் கொடுத்தோம். ராணி முந்தி வெளியேறி, மந்திரியின் துணைகொண்டு எதிரி ராஜாவின் அண்டைக் காலாளை வெட்டுவதே அது. பிள்ளைகள் குதூகலித்தனர். அயலூர்ப் பிள்ளைகளோடு ஆடியபோதோ, அவர்கள் காலாளொன்றை நகர்த்தி ராணியைத் துரத்தினர்; குதிரையால் வழியை அடைத்தனர். நம் ராணி ஓடியொளிவதற்குள் அவர்தம் படை முழுதும் களத்திலிறங்கிவிட்டது. நம்மவர் ஆறு பேரும் தோற்றனர். ஒரு பிள்ளை மறுவாரம் வகுப்பிற்கே வரவில்லை. குற்றம் அவனுடையதன்று, நம்முடையதே.

ஆதலின் இத்தாலிய ஆரம்பத்திற்குத் திரும்பினோம். 16-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகேசியரான தமியானோவும், 17-ம் நூற்றாண்டில் கலாப்ரியா நாட்டுக் கிரேக்கோவும் கையாண்ட பழைய முறை இது.

வெள்ளைப் பக்கத்தார் ராஜாவின் முன்னுள்ள காலாளை இரண்டு கட்டம் செலுத்துவர். (நம் பழைய ஆட்டத்தில் காலாளுக்கு ஒரு கட்டமே, பெரியோர் பொறுத்தருள்க.) இதனால் நடுக்களத்தில் இடம் கிட்டுவதோடு, மந்திரிக்கும் ராணிக்கும் வழி திறக்கின்றது. கறுப்பும் அவ்விதமே செய்யும். அடுத்து வெள்ளையின் ராஜாப்பக்கத்துக் குதிரை பாய்ந்து அக்கறுப்புக் காலாளைத் தாக்கும். கறுப்பின் ராணிப்பக்கத்துக் குதிரை அதனைக் காக்கும். மூன்றாவதாக, வெள்ளை மந்திரி கோணவழியே மூன்று கட்டம் சென்று நிற்கும். அஃது எதனை நோக்குகின்றது? முன்னே நம் பிள்ளைகள் வெட்ட விரைந்த அதே காலாளைத்தான்! ஆட்டத் தொடக்கத்தில் அதற்கு ராஜா ஒருவரே காவல். இலக்கு மாறவில்லை, ராணி மட்டும் வீட்டிலிருக்கின்றாள். கறுப்பும் தன் மந்திரியை அவ்வாறே நிறுத்தும். குதிரையும் மந்திரியும் வெளியேறியமையால் வெள்ளை ராஜா நான்காம் நகர்த்தலிலேயே கோட்டை கட்டிக்கொள்ளலாம்.

வராதிருந்த பிள்ளை சென்ற ஞாயிறன்று வந்தான். பலகையை நெடுநேரம் நோக்கியிருந்து, "மந்திரி இன்னும் ஒரு கட்டம் சென்று அக்குதிரையையே தாக்கலாகாதா, ஐயா?" என்றான். அவன் கேட்டது ஸ்பானிய ஆரம்பம். 1561-ல் ருய் லோபஸ் என்னும் பாதிரியார் தம் நூலில் ஆராய்ந்தது. அவன் அதனை எங்கும் படித்தவனல்லன். வரும் ஞாயிறு அதனைப் பலகையில் காட்டுவதாக அவனுக்கு வாக்களித்திருக்கின்றோம்.