தந்தையின் படுக்கையருகே

தலைநகரில் பிழைக்க வந்த நம்மவர்க்கு, இரவு பத்து மணிக்கு மேல் ஒலிக்கும் தொலைபேசி தனியோர் அச்சத்தைத் தருவது. முன்னாளில் அவ்வச்சத்தைத் தந்தி சுமந்து வந்தது. 2013-ஆம் ஆண்டு ஜூலையில் தந்திச் சேவை நின்றது, அச்சம் நிற்கவில்லை.

சென்ற மார்கழியில் ஓரிரவு மாயவரத்திலிருந்து அண்ணியார் பேசினார். தந்தையாருக்கு வலக்கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நண்பகலிலேயே வாய் சற்றுக் கோணியதாம். அயர்ச்சி என்று படுக்கவைத்தார்களாம். அந்தி சாய்ந்த பின்பே மருத்துவமனைக்குச் சென்றார்களாம். "ஏன் உடனே அழைத்துச் செல்லவில்லை?" என்பதே நம் வாயில் வந்த முதற் சொல். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை.

கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. மூளையின் இரத்தக் குழாயை உறைகட்டி அடைத்து வரும் பக்கவாதமாயின், அக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். அதற்கு முன் தலையைப் படமெடுத்து, இரத்தக் கசிவு இல்லையென்று தெளிதல் வேண்டும். ஆகவே முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் காத்திருத்தல் ஆகாது. ஆனால் இதை ஊரிலுள்ளோர்க்கு நாம் என்றேனும் எடுத்துச் சொன்னதுண்டா? ஆறாண்டுகளாக அவருக்குச் சோறிட்டவர் அண்ணியார். நாமோ இரண்டாண்டுக்கொரு முறை பயணச் சலுகையில் வந்து போகும் விருந்தாளி.

மகனின் கல்லூரிக் கட்டணம் கட்டிய மாதம். விமானச் சீட்டு கைக்கெட்டவில்லை. மறுநாட் காலை தட்கலில் இடம் பெற்று, அதற்கடுத்த நாள் இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறி, 2,180 கிலோமீட்டர் கடந்து சென்னை சேர்ந்து, மாயவரத்தை அடைந்தபோது நான்காம் நாள் மாலை. போபாலும் நாகபுரியும் வந்து போனதை நாம் அறியோம். அண்ணியாரிடம் எப்படி முகங்கொடுப்பது என்ற எண்ணமே வழியெல்லாம்.

தந்தையார் நம்மைக் கண்டுகொண்டார், கண்ணீர் பெருகிற்று. பெயர்தான் வரவில்லை. நாம் உரக்கப் பேசினோம். அவர் செவிடரல்லர் என்பதை மறந்தோம். அவர் ஒரு சொல்லைத் தேடும்போதே மூன்று சொற்களை எடுத்து நீட்டினோம். மொழிபெயர்ப்பாளனின் தொழிற்குணம் போலும்! போதாக்குறைக்குக் காப்பியை ஆற்றி வாயருகே கொண்டுசென்றோம். அண்ணியார் கையைப் பிடித்துத் தடுத்தார். "தம்பி, விழுங்க வருகிறதா என்று டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை ஒரு சொட்டும் கூடாது" என்றார். விழுங்கும் ஆற்றல் குன்றியவர்க்குக் கொடுக்கும் நீர் நுரையீரலில் இறங்கிச் சுரத்தை விளைவிக்குமாம். அண்ணியார் அவரிடம் கேட்டவையெல்லாம் தலையசைத்து விடையளிக்கக் கூடிய கேள்விகள். கேட்டுவிட்டுப் பொறுத்திருந்தார். அன்றிரவு நாம் மன்னிப்புக் கேட்டோம். "நீங்கள் கேட்டதைத்தான் நானும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றார் அவர்.

தந்தையார் முப்பதாண்டு கணக்காசிரியராக இருந்தவர். ஒரு காலை மருத்துவர் "ஒன்று, இரண்டு" என்று தொடங்க, அவர் தடையின்றிப் பத்து வரை சொல்லி முடித்தார்! பேச்சு போனவர்க்கும் நெடுநாள் பழகிய வரிசைகள் சிலவேளை தங்கிவிடுவதுண்டு என்றார் மருத்துவர்.

விடுப்பைப் பற்றி ஒரு சொல். ஆண்டுக்கு நமக்குக் கிடைக்கும் ஈட்டிய விடுப்பு 30 நாள். முதல் வாரத்தில் உறவினர் கூட்டம் வாசலை அடைக்கும். மூன்றாம் மாதம் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கவும் ஆளிராது. கைகால் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் மாதக்கணக்கில் நடக்க வேண்டியவை. ஆகவே பத்து நாளில் திரும்பினோம்; மாசியில் மீண்டும் சென்று, அண்ணியாரை மூன்று வாரம் அவர் தாய் வீட்டுக்கு அனுப்பிவைத்தோம்.

இப்போது நாள்தோறும் இரவு எட்டு மணிக்கு அண்ணியார் கைபேசியைத் தந்தையாரின் காதருகே பிடிக்கிறார். நாம் "ஈரேழு" என்கிறோம், "பதினான்கு" என்கிறார். சென்ற வெள்ளியன்று எட்டேழில் நின்றுவிட்டார். காத்திருந்தோம். மூச்சொலி மட்டும் கேட்டது. "இன்றைக்குப் போதும், தம்பி, நாளை பார்ப்போம்" என்றார் அண்ணியார்.